நாற்பத்தேழு விநாடி ரத்தம்

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒன்பது வருஷமாக ஒரே ஒருத்தியின் ரத்தம்தான் சரியான ரத்தம். வருகிறவர் போகிறவர் ரத்தமெல்லாம் அதோடு ஒப்பிட்டுத்தான் நல்லதா கெட்டதா என்று முடிவாகும். அந்த ஒருத்திக்குத் தெருவே வைத்திருந்த பெயர் ஊசி. ஆள் ஒல்லி, வாய் கூர்மை, செய்கிற தொழிலும் அதுவே என்பதால் பெயர் மூன்று விதத்திலும் பொருந்திவிட்டது. அவளுக்கும் அதில் வருத்தம் கிடையாது. அவள் குத்தினால் வலிக்காது என்று பேர். பெரிய ஆஸ்பத்திரியில் நாலு இடத்தில் குத்தியும் ரத்தம் வராமல் அழுதுகொண்டு வந்த கிழவர்கள்கூட அவளிடம் கையை நீட்டிவிட்டுக் கதை பேசிக்கொண்டிருப்பார்கள். பஞ்சை வைத்து அழுத்தும்போதுதான் குத்தியாகிவிட்டது என்றே அவர்களுக்குத் தெரியும்.

கூடம் என்றால் டயர் கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறை. முன்னறையில் நாற்காலிகளும் முதலாளியும். பின்னறையில் ஊசியும் எந்திரங்களும் கீழேயிருந்து வருகிற ரப்பர் வாடையும்.

ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்க்கிற பரிசோதனையை அங்கே இன்னும் கையால்தான் செய்தார்கள். நீலமூடிக் குழாயில் ரத்தத்தை எடுத்து எந்திரத்தில் போட்டுச் சுற்றினால் சிவப்பு அடியில் தங்கி, மேலே மஞ்சள் தண்ணீர் தெளிந்து நிற்கும். அதை வெந்நீர்த் தொட்டியில் வைத்து, மருந்து சேர்த்து, ஸ்டாப்வாட்சை அழுத்தி, குழாயைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். தளும்பிக்கொண்டிருந்தது திடீரென்று கூழாகி நின்றுவிடும். அது எத்தனையாவது விநாடி என்பதுதான் ரிப்போர்ட். ஆனால் மருந்து பழசாக இருந்தாலோ தொட்டியில் சூடு குறைந்தாலோ நேரம் மாறும். அதனால் ஆரோக்கியமானவர் ரத்தத்தையும் கூடவே ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்குக் கன்ட்ரோல் என்று பேர். இருபது பேர் ரத்தத்தைக் கலந்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இதற்கென்றே பாட்டிலில் வருவதை வாங்குங்கள் என்று மருந்தோடு வரும் தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். முதலாளி அந்தத் தாளை மடித்து, ஆடுகிற மேஜைக்காலுக்கு அடியில் வைத்திருந்தார்.

"இருபது பேருக்கு நான் எங்க போறது? காலையில மொதல்ல வர்ற நீதான் இருக்கியே" என்று ஊசியிடம் சொன்னார். அன்றிலிருந்து தினமும் காலையில் ஊசி தன் இடது கையைத் தானே கட்டி, வலது கையால் தானே குத்தி ஒரு குழாய் எடுப்பாள். இதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. பாதி ஊர் தன்னை வைத்துத்தான் அளக்கப்படுகிறது என்றால் யாருக்குத்தான் தலை நிமிராது?

முதல் ஆறு வருஷம் அவள் ரத்தம் முப்பது, முப்பத்தொன்று என்று ஒழுங்காக உறைந்தது. அப்புறம் முப்பத்தாறானது. நாற்பதானது. மருந்துதான் மட்டம் என்று முதலாளி கம்பெனியை மாற்றினார். நாற்பத்தி நாலானது. தொட்டியை மாற்றினார். நாற்பத்தேழில் போய் நின்றது. மருந்து விற்கிறவனைப் பிடித்து அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டிவிட்டு, ரிப்போர்ட் தாளில் 'சரியான அளவு இருபத்தைந்து முதல் முப்பத்தைந்து' என்று இருந்ததை 'இருபத்தைந்து முதல் ஐம்பது' என்று மாற்றி அச்சடித்துக்கொண்டார். அத்தோடு பிரச்சினை தீர்ந்தது. அந்த இரண்டு அறையில் எதை வேண்டுமானாலும் சந்தேகப்பட்டார்கள். ஊசியின் ரத்தத்தை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை, ஊசி உட்பட.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. பால்வினை நோய் இருக்கிறதா என்று பார்க்கிற புது அட்டை ஒன்று வந்தது. அட்டையில் ரத்தத் தண்ணீர் ஒரு துளி, கறுப்பு மருந்து ஒரு துளி விட்டு ஆட்டினால், நோய் இருப்பவருக்குக் கறுப்பெல்லாம் திட்டுத் திட்டாகக் கட்டிக்கொள்ளும். நோய் இல்லாதவருக்கு எப்படி இருக்கும் என்று பார்க்க ஊசி தன் ரத்தத்தையே விட்டாள். கறுப்பு கட்டிக்கொண்டது. மறுபடி விட்டாள். இன்னும் அழகாகக் கட்டிக்கொண்டது. முதலாளி அட்டையைப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார், பிறகு மிகவும் மரியாதையாக ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மறுநாள் அட்டைப் பெட்டி 'தரம் சரியில்லை' என்ற சீட்டோடு திரும்பிப் போயிற்று.

அட்டை திரும்பிப் போனது. ஆனால் ஊசியின் சந்தேகம் வீட்டுக்கு வந்தது. அவள் புருஷன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். நாளுக்கு நாலு கட்டடம் ஏறி இறங்குகிற மனுஷன், எந்த மாடியில் என்ன செய்தாரோ என்று மூன்று வாரம் அவரை வீட்டு ஹால் சோபாவில் படுக்க வைத்தாள். காரணத்தையும் சொல்லவில்லை. அவர் தன் குறட்டையால்தான் என்று நினைத்துக்கொண்டு மூக்குக்குச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருந்தார்.

வலிப்பு வந்தது அதற்கு அடுத்த வருஷம். பின்னறையில் குழாய்த் தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள், அவ்வளவுதான் நினைவு. கண் விழித்தபோது தரையில் கிடந்தாள். நாக்கு கடிபட்டிருந்தது. சுற்றிலும் பதினேழு பேருடைய ரத்தம் உடைந்து ஓடியது. கீழே டயர் கடையிலிருந்து ஓடி வந்தவன் அத்தனையும் அவள் ரத்தம்தான் என்று நினைத்து மயங்கி விழ, முதலில் அவனுக்குத்தான் தண்ணீர் தெளித்தார்கள்.

நரம்பு டாக்டரம்மா வலிப்பு மாத்திரை கொடுத்தார். இரண்டு மாதத்தில் மறுபடி வந்தது, அதுவும் கூடத்திலேயே. இந்தத் தடவை முதலாளி அவளை எதிரே உட்கார வைத்துப் பேசினார். கையில் ஊசியோடு யார் கையையாவது பிடித்திருக்கும்போது வந்து தொலைத்தால் என்ன ஆவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான், அதனால்தான் அவளுக்குக் கோபம் அதிகம் வந்தது. இன்னொரு தடவை விழுந்தால் ஊசியைத் தொடக் கூடாது, முன்னறையில் உட்கார்ந்து சீட்டுக் கொடுக்கலாம் என்றார். அவளுக்கு உருப்படியாகத் தெரிந்தது அந்த ஒரு வேலைதான். சமையல் வராது, பாட்டு வராது, மாமியாரிடம் நல்ல பேர் வாங்க வராது. நரம்பைத் தடவிப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டுகூடக் குத்துவாள். அதையும் பிடுங்கிக்கொண்டால் அவள் வெறும் ஒல்லியான ஆள், அவ்வளவுதான்.

மூன்றாவது வலிப்பு வீட்டில் வந்தது. முதலாளியிடம் அதைச் சொல்லவில்லை. பல் பிடுங்கினேன் என்று சொல்லிவிட்டு, கடிபட்ட நாக்கோடு இரண்டு நாள் வேலை பார்த்தாள்.

டாக்டரம்மாவிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. ஓய்வு பெறுகிற வயசு, மூக்கு நுனியில் கண்ணாடி, யாரையும் நம்பாத பார்வை. மூளையைப் படம் எடுக்கச் சொன்னார். படத்தில் இரண்டு மூன்று சின்னத் தழும்புகள். அதைப் பார்த்ததும் கேள்விகள் திசை மாறின. கரு கலைந்திருக்கிறதா? கர்ப்பமே ஆனதில்லை. கால் எப்போதாவது வீங்கியதா? போன வருஷம் இடது கெண்டைக்கால் மூன்று வாரம் பூசணிக்காய் மாதிரி இருந்தது, நின்று நின்று வேலை பார்ப்பதால் என்று துணியைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டு, ரத்தம் உறைகிற நேரத்தைப் பார்த்து வா என்று சீட்டு எழுதினார். பெரிய ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் பார்க்கச் சொல்லித்தான் எழுதினார்.

ஊசிக்கு ரோஷம் வந்துவிட்டது. ஊருக்கே உறைநேரம் பார்க்கிறவள், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வேறு எவளோ குத்துவதற்குக் கையை நீட்டுவதா? மறுநாள் காலையில் வழக்கம்போல் கன்ட்ரோலுக்கு ஒரு குழாய் எடுத்தாள். நோயாளி என்று எழுதி இன்னொரு குழாய் எடுத்தாள். இரண்டையும் அருகருகே தொட்டியில் வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். நோயாளி நாற்பத்தேழு, கன்ட்ரோல் நாற்பத்தேழு. சரியான அளவு இருபத்தைந்து முதல் ஐம்பது. 'நார்மல்' என்று எழுதித் தன் கையெழுத்தையே போட்டு, முத்திரை குத்தி, எடுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா தாளை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மூன்றாவது தடவையும் படித்தார்.

"இந்தக் கன்ட்ரோல் யாரும்மா?"

"நான்தான் டாக்டர்."

"நோயாளி?"

"அதுவும் நான்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது ஊசியின் காதில் விழுந்தது. டாக்டரம்மா சிரிக்க ஆரம்பித்தார். முப்பத்தைந்து வருஷ அனுபவத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்று மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். வெளியே காத்திருந்த நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஊசிக்கு அவமானத்தில் காது சூடானது.

பிறகு டாக்டரம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு, கையோடு பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பினார். அங்கே சரியான கன்ட்ரோல் முப்பது விநாடி, ஊசி நாற்பத்தெட்டு. பத்து நாளில் மற்ற ரிப்போர்ட்டுகளும் வந்தன. காலிலும் பழைய ரத்தக்கட்டின் அடையாளம் இருந்தது.

"உங்க உடம்பு கிருமியை எதிர்க்க ஒரு பொருளைத் தயார் பண்ணுதுல்ல, அது உங்க மேலேயே திரும்பிடுச்சு" என்றார் டாக்டரம்மா. "குழாயில போட்டா அது மருந்தைப் புடிச்சு வச்சுக்கும், அதனால ரத்தம் லேட்டா உறையுது. உடம்புக்குள்ள நேர் எதிர். தேவையில்லாத எடத்துல உறைய வைக்கும். கால்ல கட்டுச்சு. மூளையிலயும் குட்டிக் குட்டியாக் கட்டித் தழும்பாயிடுச்சு, வலிப்பு அங்கருந்து கெளம்புது. கட்டி இல்லாமலே அந்தப் பொருளே மூளையைச் சீண்டும்னும் சொல்றாங்க. வலிப்பு வர்ற எல்லாருக்கும் இது கிடையாது. ஆனா உங்களுக்கு வெறும் வலிப்பு மாத்திரை மட்டும் குடுத்துட்டு இருந்திருந்தா, ஒரு நாள் கை கால் இழுத்துக்கிட்டுத்தான் வந்திருப்பீங்க."

ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை தொடங்கினார். அதோடு ஒத்துப்போகிற மாதிரி வலிப்பு மாத்திரையையும் மாற்றினார். மூன்று மாதம் கழித்து அந்தப் பொருள் இன்னும் ரத்தத்தில் இருக்கிறதா என்று மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும், ஆனால் காலில் ஏற்கெனவே ரத்தம் கட்டியிருப்பதால் அதுவரை காத்திருக்க முடியாது என்றார். பால்வினை நோய் அட்டை பற்றியும் ஊசி மென்று விழுங்கிக் கேட்டாள். இந்த வியாதிக்காரர்களுக்கு அந்த அட்டை பொய் சொல்வது சகஜம், நோயே இல்லாவிட்டாலும் இருப்பதாகக் காட்டும் என்றார் டாக்டரம்மா. அன்றைக்கு வீட்டில் ஊசி முதல்முறையாகப் புருஷனிடம் சோபா விவகாரத்தின் காரணத்தைச் சொன்னாள். அவர் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு, அந்த மூன்று வாரம் போட்ட சொட்டு மருந்தில் இன்றுவரை தனக்கு வாசனையே சரியாகத் தெரிவதில்லை, அதற்கு யாரைக் கேட்பது என்று கேட்டார்.

ஆனால் டாக்டரம்மா கடைசியாகக் கேட்ட கேள்விதான் ஊசியைத் தூங்கவிடவில்லை. இந்த ரத்தத்தை வைத்து எத்தனை பேருக்கு நார்மல் என்று எழுதிக் கொடுத்தீர்கள் என்று கேட்டிருந்தார். ஊசி மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

முதலாளியிடம் சொன்னாள், மூன்றாவது வலிப்பையும் சேர்த்து. கடந்த மூன்று வருஷ ரிப்போர்ட்டில் நேரம் அதிகமாக இருந்தவர்களைக் கூப்பிட்டு மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும் என்றாள். அவர் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதிப்பார் என்று எதிர்பார்த்தாள். குதிக்கவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நாளையிலிருந்து பாட்டில் வாங்கிடறேன். முடிஞ்சு போனதைக் கெளறினா கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான். வலிப்பு இருக்கிற ஆளை வேற எந்த லேப்லயும் எடுக்க மாட்டான், தெரியும்ல? நீயும் வாயத் தொறக்காத, நானும் தொறக்கல. ஊசி உன் கையிலேயே இருக்கட்டும்."

ஊசி வாயைத் திறக்கவில்லை. இந்த இடத்தில் அவளைத் தூக்கி வைத்துப் பேசுவதற்கு ஒன்றுமில்லை. முழுசாக ஒரு மாதம் கமுக்கமாக இருந்தாள். புது மாத்திரையில் வலிப்பு வரவில்லை. பாட்டிலில் கன்ட்ரோல் வந்தது. தினமும் காலையில் இடது கையைக் கட்டுகிற வேலை போயிற்று. எல்லோரும் கையை நீட்டினார்கள், அவளும் குத்தினாள். ஆனால் ஒவ்வொருவர் நரம்பைத் தடவும்போதும் அவளுக்குத் தையல்காரியின் கைதான் ஞாபகம் வந்தது.

தையல்காரி நாலு கடை தள்ளி மெஷின் போட்டிருந்தவள். ஊசியின் வெள்ளைக் கோட்டில் ஸ்டாப்வாட்சுக்கென்று தனிப்பை வைத்துத் தைத்துக் கொடுத்தவள் அவள்தான். இரண்டு கரு கலைந்ததும் எந்த டாக்டரோ உறைநேரம் பார்க்க அனுப்பியிருந்தார். அது இரண்டு வருஷத்துக்கு முன்னால். தையல்காரி நாற்பத்தாறு, ஊசி நாற்பத்தேழு. ஒரு விநாடிதான் வித்தியாசம், நம்ம ரத்தம் அக்கா தங்கச்சி என்று இரண்டு பேரும் சிரித்தார்கள். நார்மல் என்று எழுதிக் கொடுத்தாள். அதற்கப்புறம் தையல்காரிக்கு மூன்றாவது கருவும் ஐந்தாம் மாதத்தில் போயிற்று.

ஒரு வியாழக்கிழமை காலையில் தையல்காரி சிறுநீர்க் குப்பியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு மாடி ஏறி வந்தாள். ஊசிதான் கர்ப்பம் பார்க்கிற அட்டையை நனைத்தாள். இரண்டு கோடு விழுந்தது. பொய் சொல்லாத அட்டை அது. தையல்காரி அதைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இந்தத் தடவை நிக்கும்க்கா. ரத்தத்துல ஒண்ணும் இல்லன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்கல்ல, அந்த தைரியம்தான்."

ஊசி ஏதோ சொல்லி அனுப்பிவிட்டாள். பின்னறைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். தன்னை அப்போது அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அரைமணி நேரம் கழித்து அலமாரியைத் திறந்து மூன்று வருஷப் பதிவேடுகளையும் இறக்கி, முப்பத்தைந்துக்கு மேல் இருந்தவர்களையெல்லாம் ஒரு தாளில் எழுதினாள். பதினோரு பேர். ஊசித் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் முதலாளி மேஜைமேல் வைத்தாள். அவர் தாளைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். படியிறங்கினால் திரும்ப ஏற வேண்டாம் என்றார். ஊசி தாளை மடித்து எடுத்துக்கொண்டு இறங்கினாள். மூன்று குழாயும் ஒரு சிரிஞ்சும் வழக்கம்போல் கோட்டுப் பையில் கிடந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

தையல் கடையில் வேறு யாரும் இல்லை. ஊசி நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மேஜைக்காலுக்கு அடியில் மடித்து வைத்த தாள், தன் ரத்தம், வலிப்பு, டாக்டரம்மா சிரித்தது, வாயை மூடிக்கொண்டு இருந்த ஒரு மாதம், எதையும் பூசி மெழுகவில்லை. உனக்கும் இதே வியாதி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இருந்தால் குழந்தை நிற்க மருந்தும் தினசரி ஊசியும் இருக்கிறது, இந்த வாரமே போய்ப் பார்க்க வேண்டும் என்றாள்.

தையல்காரியின் கால் மெஷின் மிதியில் அப்படியே நின்றது.

"அப்ப என் மூணாவது உன்னாலதான் போச்சு."

ஒரு நாளும் அவள் ஊசியை நீ என்று பேசியதில்லை. இருக்கலாம் என்று ஊசி சொன்னாள். அப்புறம் தையல்காரி திட்ட ஆரம்பித்தாள். கால்மணி நேரம் வெளுத்து வாங்கினாள். கத்தவில்லை, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துப் பொறுமையாகக் குத்தினாள். ஊசிக்குப் பதிலுக்குப் பதில் பேசத் தெரியும், தெருவுக்கே தெரியும். ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றாள். அழுகை வந்தது, அழுதாள். தையல்காரியும் அழுதாள். பிறகு துணித் துண்டு ஒன்றை எடுத்து மூக்கைச் சிந்திவிட்டு, இன்னொரு துண்டை ஊசியிடம் வீசினாள்.

"அந்தப் பெரிய லேப்ல எதோட வச்சுப் பாப்பாங்க?"

"இருபது பேர் ரத்தத்தைக் கலந்து வச்சிருக்காங்க."

"அதுல நீ இருக்கியா?"

"இல்ல."

தையல்காரி மெஷின்மேல் கிடந்த துணியை ஒதுக்கித் தள்ளினாள். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்து நிமிர்ந்து உட்கார்ந்து, அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துத் தானே முழங்கைக்கு மேலே சுற்றி இறுக்கி, கையை மெஷின் பலகைமேல் நீட்டினாள். பெரிய லேபில் குத்தினால் நாலு இடத்தில் குத்துவார்கள், நீங்களே எடுத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள் என்றாள். நீ மறுபடி நீங்கள் ஆகியிருந்தது. ஊசி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு வலிப்பு இருக்குடி. இப்பதானே சொன்னேன். நான் ஊசியைத் தொடக் கூடாது."

"கடைசியா எப்ப வந்துச்சு?"

"ஏழு வாரம் இருக்கும்."

தையல்காரி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

"அப்ப அடுத்தது வர்றதுக்குள்ள குத்துங்கக்கா."